பேய்க்கரும்பு

உங்கள் வீட்டில் கார் நிறுத்த இடம் விட்டது போக, தண்ணீர்த் தொட்டிக்கு விட்டது போக, நாலடி மண் மிச்சம் இருக்கிறதா? இருந்தால் நீங்கள் பாக்கியசாலி. அஸ்தம்பட்டிப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டில் அவ்வளவுதான் இருக்கிறது. அந்த நாலடியை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் நடந்த சண்டையைத்தான் சொல்லப் போகிறேன்.

ஒரு சினிமா நடிகையின் வீட்டு வரவேற்பறைப் படத்தைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, என் மனைவிக்கு ஒரு ஆசை வந்தது. ஆள் உயரப் புல். உச்சியில் வெள்ளை வெளேரென்று குதிரைவால் மாதிரி பூ. பெயர் பாம்பஸ் கிராஸ். ஏற்காடு அடிவாரத்தில் ஒரு நர்சரியில் சொல்லிவைத்து, முந்நூற்றைம்பது ரூபாய் கொடுத்து, ஒரு கொத்து வாங்கி வந்தேன். அர்ஜென்டினா சமவெளியில் பிறந்த புல் அது. சேலத்துச் சித்திரை வெயிலை அது எங்கே பார்த்திருக்கும்? வாடுகிறதே என்று நானும் காலை ஒரு வாளி, மாலை ஒரு வாளி ஊற்றினேன். கிழங்கு அழுகி, கையோடு வந்துவிட்டது.

திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த என் அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“இந்த நாணலுக்குப் போயி காசு குடுத்தியா சாமி?”

அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மோகனூர் பக்கம், வாய்க்கால் பாசனத்தில் மூன்று ஏக்கர் கரும்பு வைத்திருந்தவர். ஜேடர்பாளையத்தில் காவிரியைத் தடுத்துப் பிரித்துவிடும் தண்ணீர், ராஜவாய்க்கால் வழியாக ஓடிவந்து எங்கள் பக்கத்து வயல்களை நனைக்கும். அந்த வாய்க்கால் கரை முழுக்க நாணல். வருஷத்துக்கு இரண்டு தடவை கடப்பாரையும் மண்வெட்டியுமாக இறங்கி, அதைத் தோண்டி எடுப்பார்கள். விட்டால் வயலுக்குள் வந்துவிடும். தரைக்குக் கீழே ஓடுகிற அதன் தண்டில் ஒரு கணு மிஞ்சினாலும் போதும், அடுத்த மழைக்கு அது ஒரு புதர். அமெரிக்காவில் இதை ஆபத்தான களை என்று சட்டப்படியே பட்டியலில் வைத்திருக்கிறார்கள். அப்பாவின் பட்டியலில் அதற்கும் முன்பிருந்தே உண்டு.

ஆக, வாழ்க்கை முழுக்க நாணலை வெட்டிய மனுஷனின் வாசலில், அவர் மகன் நாணல் மாதிரி ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி நட்டு, அதையும் சாகடித்திருக்கிறான். அவர் சிரிக்காமல் இருந்ததே பெரிய விஷயம்.

அந்த ஐப்பசியில் ஒரு கல்யாணத்துக்கு மோகனூர் போயிருந்தோம். சாயங்கால வெயிலில் ஆற்றங்கரை முழுக்க வெள்ளி. அத்தனையும் நாணல் பூ. பிறந்ததிலிருந்து பார்த்த கரைதான்; ஆனால் அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? மனைவி என்னைப் பார்த்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தலையில் அடித்துக்கொண்டு, “பேய்க்கரும்பை ஊட்டுக்குள்ள வெப்பாங்களாடா?” என்றார்.

நாணலுக்கு அப்படியும் ஒரு பெயர் உண்டு. பட்டினத்தார் கையில் ஏந்திக்கொண்டு ஊர் ஊராக நடந்தாரே, அதுவும் பேய்க்கரும்புதான். எந்த ஊரில் அதன் நுனி இனிக்கிறதோ அங்கேதான் உனக்கு முக்தி என்று உத்தரவு. திருவொற்றியூரில் இனித்தது என்பது கதை. சின்ன வயதில் நானும் வாய்க்கால் கரையில் அதை ஒடித்துக் கடித்துப் பார்த்திருக்கிறேன். நாக்கு அறுந்ததுதான் மிச்சம்.

தலையில் அடித்துக்கொண்டாலும், மறுநாள் காலை மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போனவர் அப்பாதான். எந்தத் தூரை எடுப்பது என்று அவரே பார்த்தார். நடுவில் இருக்கும் கிழட்டுத் தூர் வேண்டாம், ஓரத்து இளந்தூர்தான் வேண்டும். தோகையை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டு, வேரோடு மண் உதிராமல் ஈரச் சாக்கில் சுற்றித் தந்தார். சேலம் வந்ததும் அடுத்த உத்தரவு: “சும்மா மண்ணுல நட்டீன்னா அடுத்த வருசம் பக்கத்து ஊட்டுச் சமையக்கட்டுல முளைக்கும். உறை எறக்கு.” கிணற்றுக்கு இறக்குவார்களே, அந்த சிமென்ட் உறை. இரண்டடி உயர உறை ஒன்றைப் புதைத்து, விளிம்பு நாலு விரல்கடை வெளியே தெரியும்படி விட்டு, அதற்குள் நட்டோம்.

அப்புறம் செய்ய ஒன்றுமே இல்லை. வேர் பிடிக்கும் வரை தண்ணீர். பிறகு வாரத்துக்கு ஒரு தடவை போதும். உரம் போட்டால் தோகைதான் கொழுக்கும். நிழலில் வைத்தால் பூ வராது. தோகை விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும், குழந்தைகள் கை வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாம்பு அடையும் என்று எதிர்வீட்டு அம்மா பயமுறுத்தினார். இதுவரை ஒரு ஓணான்தான் குடித்தனம் வந்திருக்கிறது.

அடுத்த ஐப்பசி. பதினோரு பூ! கேட்டைவிட உயரமாக நின்று, சாயங்காலம் வெயில் பட்டால் விளக்கு ஏற்றிய மாதிரி இருக்கும். தெருவில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி செல்போனில் படம் எடுத்தார்கள். ‘எங்கே வாங்கினீங்க, என்ன விலை?’ என்று கேட்டார்கள். மனைவி ஒரு தடவை ‘அர்ஜென்டினா’ என்று சொன்னது என் காதில் விழுந்தது. கண்டுகொள்ளவில்லை.

மார்கழியில் அலுவலகப் பயிற்சிக்காக நாலு நாள் பெங்களூர் போனேன். திரும்பி வந்து கேட்டைத் திறந்தால், வாசல் மொட்டை. உறைக்குள் ஒரு சாண் உயரத்துக்கு வெட்டுப்பட்ட கட்டைகள். பக்கத்தில், ஊரிலிருந்து கொண்டுவந்த கொடுவாளைக் கழுவிக்கொண்டிருந்தார் அப்பா.

என்னவோ வந்தது எனக்கு. பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“உங்களுக்கு வெட்டறதையும் விக்கறதையும் தவிர வேற என்னப்பா தெரியும்?”

‘வெட்டறது’ என்பதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த மூன்று ஏக்கரை விற்ற பணத்தில் கட்டியதுதான் இந்த வீடு. விற்கச் சொன்னதும் நான்தான். பத்திரப் பதிவு முடிந்து வந்த அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. நான் அதைக் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டேன். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயில் வந்துவிட்டது.

அப்பா பதில் சொல்லவில்லை. கொடுவாளைத் துடைத்து, சாக்கில் சுற்றி, படிக்குக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். அன்றிலிருந்து திண்ணைக்கு வருவது நின்றது. “மாமா ரெண்டு இட்லிக்கு மேல சாப்புட மாட்டேங்கறாங்க” என்று மனைவி சொன்னாள். நானும் வீம்பாக இருந்தேன். ஒரு வருஷத்துப் பூ போச்சே என்பதுதான் அப்போது என் கணக்கு.

சத்யஜித் ரேயின் ‘பதேர் பாஞ்சாலி’ பார்த்திருப்பீர்கள். அக்காவும் தம்பியும் வெள்ளைப் பூக்காட்டுக்குள் ஓடி ரயிலைப் பார்ப்பார்களே, அது நம் நாணல்தான்; வங்காளத்தில் ‘காஷ்’. ரே முதன்முதலில் படம்பிடிக்கப் போனதே அந்தக் காட்சிக்குத்தான், 1952 அக்டோபரில். பாதி எடுத்துவிட்டு அடுத்த ஞாயிறு போனால் காட்டையே காணோம். மாடுகள் மேய்ந்துவிட்டன! மறுபடி பூக்க அடுத்த பருவம் வரை அவர் காத்திருக்க வேண்டியதாயிற்று. அவரும் மாடுகளைத் திட்டியிருப்பார்தான். ஆனால் என்னை மாதிரி திட்டியிருக்க மாட்டார்.

இருபது நாள் இருக்கும். விடியற்காலையில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தேன். அரை இருட்டில் உறைக்குப் பக்கத்தில் அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்காமலே, “முப்பத்தி நாலு” என்றார்.

வெட்டிய கட்டைகளுக்கு நடுவே, தரையிலிருந்து ஊசி ஊசியாகப் பச்சை முளைகள். போன வருஷம் மொத்தமே பதினைந்து, பதினாறு தண்டுதான் இருந்தது.

“மறுதாம்பு கண்ணு. பழைய தோகையை வெச்சிருந்தா உள்ளயே மக்கி, நடுத்தூரு செத்துப்போயிரும். தரையோட அறுத்தாத்தான் புதுசு கெளம்பும்.”

கரும்பை ஒரு தடவை நட்டு வெட்டிய பிறகு, அதே கட்டையிலிருந்து அடுத்த பயிர் எடுப்பதுதான் மறுதாம்பு. அப்பா அதில் கெட்டிக்காரர் என்று ஊரில் பெயர். எனக்குச் சொல்ல ஒரு வார்த்தை இருந்தது, அது வரவில்லை. அதற்குப் பதிலாக, நாணலைப் பற்றி நான் படித்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

கோயம்புத்தூரில் 1912-ல் கரும்புக்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். பார்பர் என்கிற வெள்ளைக்காரரும், நம் டி.எஸ். வெங்கட்ராமனும், இனிப்பான தடிக்கரும்போடு காட்டு நாணலைச் சேர்த்து விதை எடுத்தார்கள். அப்படிப் பிறந்த ‘கோ 205’, 1918-ல் வடநாட்டு விவசாயிகள் கைக்குப் போனது. பிற்பாடு 1930-களில் அங்கே வேலை பார்த்த ஜானகி அம்மாள் நாணலின் குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தவர். கரும்பையும் மூங்கிலையும்கூட இணைத்துப் பார்த்தார்கள். இன்றைக்கு வயலில் நிற்கிற கரும்பின் உடம்பில் நாணல் ரத்தம் இருக்கிறது. இனிப்பு கரும்போடது, வறட்சியைத் தாங்குவதும், தூர் வெடிப்பதும், வெட்டின பிறகு மறுபடி கிளம்புவதும் நாணல் கொடுத்தது.

அப்பா முழுசாகக் கேட்டார். ரொம்ப நேரம் அந்த முளைகளையே பார்த்தார்.

“அப்ப இத்தனை வருசமா நாஞ் சொந்தக்காரனைத்தான் வெட்டிட்டு இருந்தேனா?”

சிரித்தார். அன்றைக்கு நாலு இட்லி. ஆனால் நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்னமும் கேட்கவில்லை. இதை அவர் படிப்பார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டியாவது படிப்பார். படித்துவிட்டு ஒன்றும் சொல்ல மாட்டார்.

ஆச்சு, நாலு வருஷம். போன ஐப்பசியில் நாற்பதுக்கு மேல் பூ. என் மகள் எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஓணான் ஓட, கணக்கு விட்டுப்போனது. பூ காய்ந்ததும் அப்பாரும் பேத்தியுமாகச் சாக்கைப் பிரித்தார்கள். அப்பாவுக்குக் குனிய முடியவில்லை. கொடுவாளை என்னிடம் நீட்டினார். நான் பயந்து பயந்து ஒரு முழ உயரத்தில் வைத்தேன்.

“இன்னும் கீழ” என்றார்.

இறக்கினேன்.

“இன்னும் கீழடா. அதுக்கு ஒண்ணும் ஆவாது.”

உங்களில் யாருக்காவது ஒரு தூர் வேண்டுமென்றால் தாராளமாகத் தருகிறேன். ஆனால் முதலில் உறை இறக்கிவிட்டீர்களா என்று அப்பா கேட்பார். இல்லையென்று சொன்னால் கொடுக்க மாட்டார்.