ஒரே பெட்டிக்கு இரண்டு வலை

பட்டினச்சேரியில் வலை என்றால் கடலுக்குப் போவது. இப்போது வீட்டுக்கு வீடு இன்னொரு வலையும் வந்துவிட்டது. இன்றைக்கு அதைப் பற்றித்தான்.

அலுவலகக் கம்ப்யூட்டரில் ஒயர் இணைப்பும் வைஃபையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளலாமா? கேட்டவன் என் தங்கை மகன். அவன் அலுவலகத்தில் ஒயர் வழியாக வருவது உள் வலை. அதில் இணையம் கிடையாது. அதனால் செல்போன் ஹாட்ஸ்பாட்டை வைஃபையில் பிடித்திருக்கிறான். “ரெண்டும் கனெக்ட் ஆயிருக்கு மாமா. ஆனா இணையம் திறக்கல. ஒயரைப் பிடுங்கினா திறக்குது!”

காரணம் எளிது. ஒவ்வோர் இணைப்புக்கும் விண்டோஸ் ‘மெட்ரிக்’ என்று ஓர் எண் போடுகிறது. சிறிய எண்ணுக்கே முன்னுரிமை. பெரும்பாலும் அது ஒயருக்குத்தான் கிடைக்கும். வெளியூர்த் தபால் எல்லாம் ஒயரின் ‘கேட்வே’க்குப் போய் நின்றுவிடும். கேட்வேயைப் பிரெஞ்சில் ‘பாஸ்ரெல்’ என்பார்கள். பள்ளியில் நாங்கள் படித்த பொருள் நடைபாலம். இங்கே பாலம் இருக்கிறது, அக்கரையில் ஊர் இல்லை.

இதற்கு வழியும் உண்டு. ஒயர் இணைப்பில் கேட்வே இடத்தைக் காலியாக விட்டு, 10 என்று தொடங்கும் அலுவலக முகவரிகளுக்கு மட்டும் ஒயர் என்று ‘ரூட்’ கட்டளையில் எழுதிவைத்தால் இரண்டும் ஓடும். பத்து நிமிட வேலை. சர்வீஸின் கடைசி வருடங்களில் நானே செய்து பழகியதுதான். ஆனாலும் அவனுக்குச் செய்து கொடுக்கவில்லை.

ஒயரின் மறுமுனையில் பயனாளிகள் பட்டியல் இருக்கிறது. பெயர், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், எல்லாம். செல்போன் பக்கமிருந்து ஒரு வைரஸ் வந்தால், அந்தப் பட்டியலைத் திறக்கும் அதே பெட்டியில்தான் வந்து உட்காரும். கடைமடையில் ரெகுலேட்டர் கட்டியிருப்பது எதற்கு? உப்புத் தண்ணீர் ஆற்றில் ஏறாமல் இருக்கத்தானே. ஒரு ஷட்டரைத் தூக்கி வைத்தாலும் வயல் போச்சு.

கூடங்குளம் விஷயம் நினைவிருக்கும். அங்கே ஒரு கம்ப்யூட்டரில் வைரஸ் இருப்பதை 2019 செப்டம்பர் 4 அன்று செர்ட்-இன் தெரிவித்தது. அக்டோபர் 30 அன்று அணுமின் கழகம் அதை ஒப்புக்கொண்டது. அந்தக் கம்ப்யூட்டர் நிர்வாகப் பணிக்கான இணைய வலையில் இருந்தது, முக்கியமான உள் வலை அதிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது என்றார்கள். அந்தப் பெட்டியிலேயே உள் வலையின் ஒயரும் செருகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மருமகன் சும்மா விடவில்லை. “மனுவெல்லாம் மெயில்லதான் வருது மாமா. ஜனங்க வெயில்ல நிக்கிறாங்க. நான் என்ன பண்ணட்டும்?”

அவன் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. அதற்கு வழி இரண்டாவது இணைப்பு இல்லை, இரண்டாவது பெட்டி. மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு எழுதச் சொன்னேன்; வரைவு நான் போட்டுக் கொடுத்தேன். ஒதுக்கிப் போட்டிருந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றைச் சரி செய்து, இணையத்துக்கு மட்டும் என்று மூலையில் வைத்திருக்கிறார்கள். மனுவை அதில் திறந்து அங்கேயே பிரிண்ட் எடுக்கிறான். பென்டிரைவ் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அதுவும் ஒரு நடைபாலம்தான்.

உங்கள் பிள்ளைகளும் அலுவலகங்களில் இருப்பார்கள். ஒயர் செருகிய பெட்டியில் ஹாட்ஸ்பாட்டும் போடுகிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அந்தப் பட்டியலில் நம் பெயரும் இருக்கலாம்.