இறக்கி வைத்த காவடி

தைப்பூசத்தை ஒட்டித் திண்டுக்கல் வழியே பழநிக்குப் பாதயாத்திரை செல்லும் அன்பர்களைக் காணும்போதெல்லாம் என் பார்வை அவர்களுடைய தோள்களையே நாடும். காரணம், என் தங்கையின் மகன்.

வயது 38. நாகல்நகரில் பூட்டுப் பட்டறை வைத்திருக்கிறான். கல்லூரி நாள்களில் கபடி ஆடியபோது வலத்தோள் இருமுறை நழுவியதுண்டு. ஆண்டுதோறும் காவடி எடுத்துச் சுமார் 60 கிலோமீட்டர் நடப்பவன், ஒருமுறை மாலை அணிந்த பின், "மாமா, கை தலைக்கு மேல் எழவில்லை" என்றான். "கந்தன் சோதிக்கிறான்; பொறுத்துக்கொள்" என்றேன். என் சொல்லை நம்பி நடந்தான். திரும்பியபின் தலைவாரவும் இயலவில்லை. இரவில் உறக்கமும் போயிற்று. நான் சொன்ன சொல் என்னையே சுட்டது.

மதுரையில் எலும்பு மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். பந்தும் கிண்ணமுமாக அமைந்த தோள்மூட்டில் வழவழப்பான குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது என்றார் அவர். முதியவர்க்குச் செயற்கை மூட்டு நன்கு பயன்படும்; ஆனால் உழைக்கும் இளையவர்க்குப் பொருத்தினால், செயற்கைக் கிண்ணம் காலப்போக்கில் தேய்ந்து தளரக்கூடும்; மறு அறுவையும் கடினம். ஆகவே, இறைவன் தந்த மூட்டையே முதலில் காக்க முயல்வார்களாம். சிறு துளைகள் வழியே கேமராவைச் செலுத்தி, உதிர்ந்த துணுக்குகளை அகற்றி, எலும்பு முட்களைச் சீவி, இறுகிய மூட்டுறையைத் தளர்த்துவார்கள்.

"குணமாகிவிடுமா?" என்று கேட்டேன்.

"தேய்ந்தது மீளாது. வலி தணியும், கை எழும், செயற்கை மூட்டைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடலாம். எலும்பே உருமாறிய பின் வந்திருந்தால் இதுவும் அதிகம் பலன் தராது" என்றார்.

வங்கியில் பணியாற்றிய எனக்கு உடனே விளங்கிற்று. இது கடன் தள்ளுபடி அன்று, தவணை நீட்டிப்பு.

அறுவை நடந்தது. பல மாதங்கள் இயன்முறைப் பயிற்சி; சுவரில் விரல்களை நகர்த்தி நகர்த்திக் கையை உயர்த்தினான். பாரம் மட்டும் அந்தத் தோளில் ஏறக்கூடாது என்பது மருத்துவர் கட்டளை. "வேண்டுதல் தவறிவிடுமே, மாமா" என்று கலங்கினான்.

இம்முறை யோசித்துப் பேசினேன். "சிவகிரி, சக்திகிரி இரண்டையும் சுமந்து வந்த இடும்பன் அவற்றை இறக்கி வைத்த தலமல்லவா பழநி? இறக்கி வைத்தவனுக்கும் அருள்புரிந்தவன் நம் தண்டாயுதபாணி."

இவ்வாண்டு காவடியை அவன் மகன் சுமந்தான். இவன் இடக்கையில் பாற்செம்பு ஏந்தி நடந்தான். சந்நிதியில் அவனுடைய இரு கைகளும் தலைக்கு மேல் குவிந்தபோது, என் கண்கள் நிறைந்தன.

பெரியோர்களே, பிள்ளைகள் வலி என்றால், சோதனை என்று நாம் தீர்ப்பளிக்க வேண்டாம். முதலில் மருத்துவரிடம் அனுப்புவோம். உடன் நாமும் செல்வோம்.