கவலையும் சர்க்கரையும்



பன்னிரண்டு ஆண்டுகளாக நான் நீரிழிவோடு வாழ்கிறேன். மாத்திரை, மாலை நடை, உணவுக் கட்டுப்பாடு ஆகியவற்றால், வெறும் வயிற்றில் பார்க்கும் சர்க்கரை பெரும்பாலும் 120-ஐ ஒட்டியே இருக்கும். சில மாதங்களுக்கு முன், ஒரு திங்கட்கிழமை காலையில் குளுக்கோமீட்டர் 204 என்று காட்டியது. கையைக் கழுவிவிட்டு மறுபடியும் குத்திப் பார்த்தேன். ஏறக்குறைய அதே எண்தான். முந்தின இரவு இரண்டு இட்லி மட்டுமே உண்டிருந்தேன், மாத்திரையும் தவறவில்லை.

"நீங்க ராத்திரி தூங்கவே இல்லையே" என்றார் என் மனைவி. உண்மைதான். சபையில் இரண்டு குடும்பங்களுக்கிடையே எழுந்த மனக்கசப்பு அப்போது முற்றியிருந்தது. மறுநாள் கூட்டத்தில் யார் என்ன சொல்வார்கள், நான் என்ன மறுமொழி கூறுவேன் என்று இரவெல்லாம் மனத்துக்குள் வழக்காடிக்கொண்டிருந்தேன்.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். கவலை மிகும்போது உடல் அதை ஆபத்து என்றே எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின், கார்டிசால் ஆகிய ஹார்மோன்கள் இரத்தத்தில் கலக்கின்றன. ஓடவோ போராடவோ வலிமை வேண்டுமென்று கல்லீரல் தான் சேமித்த சர்க்கரையை வெளிவிடுகிறது. இன்சுலினின் செயலும் மட்டுப்படுகிறது. நோயற்ற உடலில் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து இதைச் சரிசெய்துவிடும். நம்மைப் போன்றோருக்கு அது போதிய அளவு இயலாததால், சர்க்கரை இரத்தத்திலேயே தங்கிவிடுகிறது.

அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன், 1913-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகக் கால்பந்து அணியினர் 25 பேரின் சிறுநீரை, இறுதிப் போட்டி முடிந்தவுடன் தம் உடனாய்வாளரோடு பரிசோதித்தார். 12 பேரிடம் சர்க்கரை காணப்பட்டது. அவர்களுள் 5 பேர் களத்தில் இறங்கவே இல்லை. மாற்று ஆட்டக்காரர்களாக வெளியே அமர்ந்திருந்தவர்கள்! இதை வாசித்தபோது, படுக்கையில் கிடந்தபடியே போராடிய என்னையே அங்கு கண்டேன்.

அந்த நாட்களில்தான், கவலைப்படுவது அவிசுவாசம் என்று ஒரு ஞாயிறன்று கடிந்து பிரசங்கித்தேன். ஆராதனை முடிந்தபின் ஒரு சகோதரி தயங்கியபடி வந்தார். அவருடைய கணவர் மாதக்கணக்கில் படுக்கையில் இருக்கிறார். இவருக்கும் சர்க்கரை நோய் உண்டு. "ஐயா, நான் சுகர் பாக்குறதையே விட்டுட்டேன். நம்பர் கூடினா எனக்கு விசுவாசம் இல்லைன்னுதானே அர்த்தம்?" என்றார்.

என் வார்த்தை ஒரு பாரத்தை இறக்கவில்லை. இன்னொன்றை ஏற்றி வைத்திருந்தது. சற்று நேரம் பேச இயலவில்லை. பிறகு, "அம்மா, என் எண் 204" என்றேன். அவர் அழுதார். நானும் கலங்கினேன்.

யேசபேலுக்குத் தப்பி ஓடிய எலியா, இனி வாழ விரும்பாமல் சூரைச்செடியின்கீழ் படுத்துக்கொண்டதை நினைத்துப் பாருங்கள். அவர் உறங்கினார். தூதன் வந்து தட்டியெழுப்பி அப்பமும் தண்ணீரும் காட்டினான். உண்டார், மீண்டும் உறங்கினார். மீண்டும் உணவு வந்தது. ஓரேபில் தேவன் அவரிடம் கேள்வி கேட்டது அதற்குப் பின்புதான். சோர்ந்த ஊழியனின் உடலைத் தேவன் முதலில் கவனித்தார். நானோ, முதலில் பிரசங்கத்தைக் கொடுத்தேன்.

பிரியமானவர்களே, உயர்ந்த எண் உங்கள் விசுவாசத்தின்மேல் எழுதப்பட்ட தீர்ப்பு அல்ல. அதை மறைக்காதீர்கள், எழுதி வையுங்கள். அருகிலேயே அன்றைய உறக்கத்தையும் பாரத்தையும் ஒரு வரியில் குறியுங்கள். எண் தொடர்ந்து உயர்ந்திருந்தால், எல்லாம் கவலையால்தான் என்று நீங்களே முடிவு செய்யாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். நோய்த்தொற்று போன்ற வேறு காரணமும் இருக்கக்கூடும். மாத்திரை உண்பது அவிசுவாசம் அல்ல. உங்கள் பாரத்தை ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அந்த இரண்டு குடும்பங்களும் இன்னும் முழுமையாக ஒப்புரவாகவில்லை. ஆனால் இரவு ஒன்பது மணிக்குமேல் அந்த வழக்கை நான் கையில் எடுப்பதில்லை. ஜெபத்தில் ஒப்புவித்துவிட்டு விளக்கை அணைக்கிறேன். இன்று காலை எண் 138. அந்தச் சகோதரியும் தம் குறிப்பேட்டை மறுபடி திறந்திருக்கிறார்.

கர்த்தர் உங்களுக்கு இன்றிரவு நல்ல நித்திரையைத் தந்தருள்வாராக. ஆமென்.