கம்பவுண்டர் ஐயா

உவரிக்கு வருகிறவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்லும் கதை ஒரு வியாதியைப் பற்றியது. முன்னொரு காலத்தில் இந்தக் கடல் வழியே போன போர்த்துக்கீசியக் கப்பலில் வாந்திபேதி கண்டதாம். கப்பல் தச்சன் அந்தோனியார் சுரூபம் ஒன்றைச் செதுக்க, மாலுமிகள் பிழைத்தார்களாம். கரையிறங்கி, ஒரு குடிசையில் சுரூபத்தை வைத்துவிட்டுப் போனார்கள் என்பது ஐதீகம். குடிசை கோயிலாயிற்று, கோயிலால் ஊருக்குப் பெயர் வந்தது.

நான் எழுத உட்கார்ந்தது அந்தப் புனிதரைப் பற்றியல்ல. அதே வியாதியோடு மல்லுக்கு நின்ற ஒரு மருந்துக்கடைக்காரரைப் பற்றி. அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் 'மிலிட்டரி', நேரில் 'கம்பவுண்டரையா'.

இரண்டாவது உலக யுத்தத்தில் பர்மா முனை உட்பட ஐந்தாறு வருஷம் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கியவர். 1948இல் வந்த பார்மஸி சட்டம், பரீட்சை எழுதாவிட்டாலும் ஐந்து வருஷம் மருந்து கலக்கிய அனுபவம் இருந்தால் பதிவு செய்துகொள்ள வழிவிட்டது. அந்த வழியாக வந்தவர் அவர். கடையில் ஒரு மர பெஞ்சு, கண்ணாடி அலமாரி, கலுவம், தராசு. சுரமென்று போனால் மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பமாட்டார். தண்ணீர் ஊற்றி, விழுங்கச் செய்து, "வாயைத் திற" என்பார். நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். சம்மாட்டியானாலும் சரி, கூலிக்காரனானாலும் சரி, அவருக்கு ஒரே சட்டம். நாங்கள் பையன்கள் அதை நடித்துக் காட்டிச் சிரிப்போம்.

எனக்கு எட்டு வயதில் அந்தச் சிரிப்பு நின்றது. என் தம்பிக்கு வாந்திபேதி கண்டது. அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்; நான் பின்னாலேயே ஓடினேன். கம்பவுண்டர் பையனின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய தோல் அப்படியே நின்றது.

"ஒரு ஊசி போட்டுவிடுங்க ஐயா."

"ஊசிக்கு அடங்குகிற சமாசாரமில்லை, தம்பி. உடம்பிலே தண்ணி வற்றிப் போச்சு. நாளத்திலே தண்ணி ஏற்றணும். நான் டாக்டர் இல்லை. இப்பவே நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. வழி நெடுக உப்புப் போட்ட கஞ்சித் தண்ணியை ஒவ்வொரு கரண்டியாகக் கொடுத்துக்கிட்டே போ."

வண்டிச் சத்தத்துக்குப் பணமும் எடுத்து நீட்டினார். அப்பா அதை வாங்கவில்லை. சாகக் கிடக்கிற பிள்ளைக்குக் கஞ்சியா என்று அவருக்கு ஆத்திரம். பக்கத்து ஊரில் ஊசி போடுகிற ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போனார். ஊசி போட்டார்கள். சாயங்காலம் தம்பி போய்விட்டான்.

"மருந்தை அலமாரியிலே வைத்துக்கொண்டு இல்லையென்று சொன்ன பாவி" என்பதுதான் அன்று முதல் எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர். நானும் வெகு காலம் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

அடுத்த வருஷம் அவர் ஊர்க் கமிட்டிக்குத் தலைவரானார். வலைத் தகராறும் கடன் வழக்கும் ஏற்கெனவே அவர் கடைத் திண்ணைக்குத்தான் வந்துகொண்டிருந்தன. ஒரு பக்கம் சாயாதவர் என்ற பெயர். தலைவரானதும் திருவிழாவுக்கு முன் அவர் செய்த முதல் காரியம், குடிதண்ணீர்க் கிணறுகளில் பிளீச்சிங் பவுடர் போட்டது. ஊர் இரண்டுபட்டது. நாற்றமடிக்கிறது என்றார்கள், கிணற்றில் விஷம் வைத்துவிட்டான் என்றுகூடச் சொன்னார்கள். அவர் பதில் பேசவில்லை. உரிய நேரம் கழிந்ததும் கிணற்றடிக்கு வந்து, தாமே ஒரு வாளி இறைத்து, எல்லோரும் பார்க்க ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்தார். குடித்துவிட்டு வாயைத் திறந்து காட்டினார். கூட்டம் சிரித்துவிட்டது. சிரித்த பிறகு எப்படிச் சண்டை போடுவது?

அப்பா சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் விடியலில் குடத்தோடு அந்தக் கிணற்றுக்குத்தான் போனார். அந்தக் கடையில் மட்டும் சாகும்வரை ஒரு மாத்திரை வாங்கியதில்லை.

பர்மா யுத்தத்தில் பதினான்காவது சேனைக்குத் தளபதியாயிருந்த ஸ்லிம் எழுதிய புத்தகத்தைப் பின்னாளில் படித்தேன். 1943இல் காயம்பட்டு வெளியேற்றப்பட்ட ஒருவனுக்கு 120 பேர் வீதம் வியாதியால் வெளியேற்றப்பட்டார்களாம். மலேரியாவுக்கு மெபாக்ரின் மாத்திரை இருந்தது. தின்றால் உடம்பு மஞ்சளாகும். ஆண்மை போகும் என்ற வதந்தியும் இருந்தது. சிப்பாய்கள் விழுங்கினார்களா என்று ஸ்லிம் திடீர்ச் சோதனை வைத்தார். நூற்றுக்கு 95 பேருக்குக் குறைந்தால் அந்தப் படையின் அதிகாரிக்கு வேலை போயிற்று. மூன்று பேருக்குப் போனதும் மற்றவர்கள் புரிந்துகொண்டார்கள். 'வாயைத் திற' எங்கிருந்து வந்தது என்று எனக்கும் அப்போதுதான் புரிந்தது. மருந்தின் பெயர்களைப் பட்டாளம் யாருக்கும் சொல்லிக் கொடுக்கும். தனக்கு எவ்வளவு தெரியும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் அவர் அங்கேதான் கற்றிருக்க வேண்டும்.

இன்னொன்றும் படித்தேன். 1971இல் வங்காள அகதிகள் முகாமில் வாந்திபேதி பரவியபோது, நாளத்தில் ஏற்றும் தண்ணீர் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை வாய்வழியே கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கிற்று. அரிசிக் கஞ்சியும் உப்பும் அதே வேலையைச் செய்யும் என்று பிற்பாடு கண்டார்கள்.

அப்போது அப்பா உயிரோடிருந்தார். திண்ணையில் உட்கார்ந்து வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். சொல்லலாமென்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சொல்லவில்லை. அந்தக் கடையின் மேல் அத்தனை வருஷமாக அவர் வைத்திருந்த கோபத்தை நான் எடுத்துவிட்டால், அது அடுத்து யார் மேல் போய் இறங்கும் என்று எனக்குத் தெரியும்.