பணம் கொடுத்துப் பில்லியர்ட்ஸ் கற்கலாமா?

பிழைப்பை நாடி வெளியூர் வந்த நம் குடும்பங்களுக்கு, கற்பதற்குக் கட்டணம் கொடுப்பது புதிய வழக்கமன்று. பெண் குழந்தைக்குப் பாட்டு, பையனுக்குக் கணக்கு டியூஷன், கோடை விடுமுறையில் நீச்சல் என்று மாதச் செலவுக் கணக்கில் ஏதேனும் ஒன்று இடம்பெற்றுக்கொண்டே இருக்கும். அதைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் குடும்பத்தைத் தாங்கும் ஒருவன், முப்பத்தாறு வயதில், "பில்லியர்ட்ஸ் கற்றுக்கொள்ளப் பணம் கட்டப் போகிறேன்" என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு அவனுடைய புத்தியைப் பற்றிக் கவலைப்படுவார்கள். சென்ற ஆண்டு இவ்விரண்டையும் நான் கண்டேன். அக்கேள்வியை எங்கள் வீட்டில் எவ்வாறு தீர்த்துக்கொண்டோம் என்பதை எழுதினால், வேறு எதையேனும் கற்க விரும்பித் தயங்கி நிற்கும் அன்பர்களுக்கும் பயன்படலாம் என்று தோன்றுகிறது.

இது செல்வர்களின் ஆட்டம் என்பது பலருடைய எண்ணம். அவ்வெண்ணத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. முழு அளவுள்ள மேஜை 12 அடி நீளமும் 6 அடி அகலமும் உடையது. பச்சைக் கம்பளித் துணிக்கு அடியில் கனத்த கற்பலகைகள் இருப்பதால், அதன் எடை ஒரு டன்னுக்கு மேல் இருக்கும். அதை வாங்கி வீட்டில் வைப்பது நம்மைப் போன்றவர்களுக்கு ஆகாத காரியம். ஆனால் வெள்ளைக்காரர் காலத்தில் பல ரயில்வே இன்ஸ்டிட்யூட்டுகளில் இம்மேஜை இடம்பெற்றது. எங்கள் இன்ஸ்டிட்யூட்டிலும் ஒரு பழைய மேஜை இருக்கிறது. சிறு சந்தா கட்டிய எந்த ஊழியரும் அதில் ஆடலாம்.

நான் வேலை பார்க்கும் ஜபல்பூருக்கும் இந்த ஆட்டத்துக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. பில்லியர்ட்ஸ் மேஜையில் ஆடப்படும் ஸ்னூக்கர் என்னும் ஆட்டம் 1875-ஆம் ஆண்டில் இவ்வூரில்தான் பிறந்தது. நெவில் சேம்பர்லின் என்னும் இளம் ராணுவ அதிகாரி அதை உருவாக்கினார். பின்னாளில் இங்கிலாந்தின் பிரதமராக இருந்தவர் வேறு, இவர் வேறு. இதன் விதிகள் பின்னர் உதகமண்டலத்துக் கிளப்பில் எழுதி மாட்டப்பட்டன. ஆக, பிறந்தது நர்மதைக் கரையை அடுத்த ஊரில். சட்டம் பெற்றது நீலகிரியில்.

பில்லியர்ட்ஸில் மூன்றே பந்துகள். ஸ்னூக்கரில் வெள்ளைப் பந்தையும் சேர்த்து இருபத்திரண்டு. பேச்சு வழக்கில் இரண்டையும் பில்லியர்ட்ஸ் என்றே சொல்லிவிடுகிறோம். நான் ஆடுவது பெரும்பாலும் ஸ்னூக்கர்தான். கேரம் ஆடத் தெரிந்தவர்களுக்கு இதன் கருத்து எளிதில் விளங்கும். ஸ்டிரைக்கருக்குப் பதிலாக வெள்ளைப் பந்து. விரலுக்குப் பதிலாகக் கியூ எனப்படும் நீண்ட கோல். ஒரு சிவப்பை விழச் செய்தால் ஓர் எண். பிறகு ஒரு வண்ணப் பந்து. மறுபடி ஒரு சிவப்பு. தவறும் வரையில் தொடர்ந்து ஆடலாம். அவ்வாறு ஒரே மூச்சில் எடுக்கும் எண்ணிக்கைக்குப் பிரேக் என்று பெயர். தேர்ந்தவர்கள் நூறு எடுப்பார்கள். நான்கு ஆண்டுகள் ஆடிய பின்னும் என்னுடைய மிகச் சிறந்த பிரேக் 17.

இந்நிலையில், நகரத்தில் உள்ள ஓர் ஆட்டக் கூடத்தில் பயிற்சியாளர் ஒருவர் பாடம் சொல்லித் தருவதாகக் கேள்விப்பட்டேன். ஒரு மணி நேரத்துக்கு, மேஜை வாடகை உட்பட, ரூ. 600. வாரம் ஒரு பாடமாகப் பன்னிரண்டு பாடங்கள் எடுத்தால் நல்லது என்றார். மொத்தம் ரூ. 7,200. மூன்று மாதத்துக்குப் பகிர்ந்தால், மாதம் ரூ. 2,400. ஊரில் இருக்கும் தாயாருக்கு அனுப்பும் பணமும் குழந்தையின் பள்ளிச் செலவும் போக மீதியில் வாழும் ஒரு குமாஸ்தாவுக்கு இது சிறிய தொகையன்று.

செலவை மறைத்துச் செய்வது எங்கள் வீட்டு வழக்கமன்று. இரவு உணவுக்குப் பின் மனைவியிடம் சொன்னேன். அவள் சற்று நேரம் யோசித்தாள்.

"ஏங்க, இதனால் நமக்கு என்ன வரும்?" என்று கேட்டாள்.

"வருமானம் ஒன்றும் வராது" என்றேன்.

"வராவிட்டால் போகட்டும். குழந்தையின் பாட்டுக்குக் கொடுக்கிறோமே, அதில் மட்டும் என்ன வருகிறது? ஆனால் உங்களுக்கு ஒரு வாத்தியார் என்றால், எனக்கும் ஒருவர் வேண்டாமா?"

அவள் இங்கு வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. காய்கறிக்காரியிடமும் அண்டை வீட்டாரிடமும் தங்கு தடையின்றி இந்தி பேசுவாள், படிக்கத் தெரியாது. பாங்கில் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டுமானால், நான் அலுவலகத்திலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். "பள்ளியிலிருந்து வரும் கடிதத்தை உங்கள் பெண்தான் எனக்குப் படித்துக் காட்டுகிறாள். அவள் மேல் புகார் எழுதியிருந்தாலும் அவளே படித்துச் சொன்னால்தான் எனக்குத் தெரியும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆயினும் அச்சொல்லில் பல ஆண்டுகளின் குறை இருந்தது. ஆக, பன்னிரண்டு பாடங்கள் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி, ஒரே பணத்தில் யார் எதைக் கற்பது என்ற கேள்வியாக மாறிற்று.

அதற்குப் பின்னர் நான் மூன்று விஷயங்களை எண்ணிப் பார்த்தேன்.

முதலாவது, பணம் கொடாமலேயே கற்க முடியாதா என்பது. இக்காலத்தில் கைப்பேசியைத் திறந்தால் உலகச் சாம்பியன்கள் ஆடுவதைக் காணலாம். பாடம் சொல்பவர்களும் பலர் இருக்கிறார்கள். நானும் பார்த்திருக்கிறேன், பயன் உண்டு. ஆனால் அப்படம் காட்டுவது அவர் எப்படி நிற்கிறார் என்பதையே. நான் எப்படி நிற்கிறேன் என்பதை அது காணாது. நண்பர் ஒருவரைக் கொண்டு என் ஆட்டத்தையே படம் எடுத்தும் பார்த்தேன். தலை, தோள், முழங்கை, கால் எல்லாமே சரியில்லாததுபோல் தோன்றிற்று. எதை முதலில் திருத்துவது என்பது மட்டும் தெரியவில்லை. ஆசிரியருக்குக் கொடுக்கும் பணம் அந்த ஒன்றைக் கண்டு சொல்லும் கண்ணுக்கே என்று அப்பொழுது விளங்கிற்று.

இரண்டாவது, பெற்ற பாடத்தைப் பழகுவதற்கு நேரம் உண்டா என்பது. ஆசிரியர் குறையைக் காட்டலாம். கையை நமக்காகப் பழக்கித் தர அவரால் இயலாது. ஒரு மணி நேரப் பாடத்துக்குக் குறைந்தது ஐந்து, ஆறு மணி நேரம் தனியாகப் பழகினால்தான் அது கையில் நிற்கும். எனக்கு வாரத்தில் மூன்று மாலைகள்தான் கிடைக்கும். அதுவும் ஒவ்வொரு மணி நேரம். அக்கணக்கின்படி இரண்டு வாரத்துக்கு ஒரு பாடமே எனக்கு ஏற்றது. வாரந்தோறும் போனால், பழகாத பாடத்தின்மேல் புதிய பாடத்தை அடுக்கியதாகும். ஆகவே மூன்று மாதத்துக்கு ஆறு பாடங்களே போதும், செலவு ரூ. 3,600.

மூன்றாவது, மீதமாகும் ரூ. 3,600. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இருக்கிறார். மாதம் ரூ. 1,200-க்கு வாரம் மூன்று நாள் இந்தி எழுதப் படிக்கச் சொல்லித் தர இசைந்தார். கணக்கு ஒரு ரூபாய் பிசகாமல் இரு பங்காகப் பிரிந்தது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பழமொழி. நர்மதை ஓடும் ஊரிலும் அது பொருந்தும்.

இனி, பாடத்தின் பயனைச் சொல்ல வேண்டும். பயன் உண்டா என்று அறிவதற்கு அளவு ஒன்று வேண்டுமல்லவா? தொடங்குமுன் ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். மேஜையின் நடுப்புள்ளியில் நீலப் பந்து. அதற்கும் எதிர் மூலைக்கும் நேர்கோட்டில் ஒரே இடத்தில் வெள்ளைப் பந்து. நீலத்தை மூலைப் பையில் விழச் செய்ய ஐம்பது முறை முயன்றேன். பத்தொன்பது விழுந்தன. அதைக் குறித்து வைத்தேன்.

முதல் நாள் ஆசிரியர் எந்தப் பந்தையும் பையில் போட விடவில்லை. வெள்ளைப் பந்தைப் பழுப்புப் பந்தின் புள்ளியில் வைத்தார். அதை நேராக நீலம், இளஞ்சிவப்பு, கறுப்புப் புள்ளிகளின் மேலாக அனுப்பி, எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்து என் கோலின் நுனியையே தொடும்படி செய்யச் சொன்னார். இது குழந்தை விளையாட்டுப்போல் தோன்றும். செய்து பார்த்தால் பந்து திரும்பும்போது ஒருபுறம் ஒதுங்கிப் போகும். எனக்கு எப்பொழுதும் வலப்புறம் ஒதுங்கிற்று. அரை மணி நேரம் பேசாமல் பார்த்தார். பிறகு, "அடிக்கும் கணத்தில் வலது கை கோலை இறுக்குகிறது, அதனால் முழங்கை வெளியே திரும்புகிறது. வேறு எதையும் இப்பொழுது மாற்ற வேண்டாம்" என்றார். மேஜைமேல் ஊன்றும் இடது கையே காரணமாக இருக்கும் என்று நான் எண்ணியிருந்தேன். அந்த ஒரு வார்த்தைக்கே ரூ. 600 தகும்.

அடுத்த பாடங்களில், எந்தக் கண் வலியதோ அதன் கீழ்க் கோல் செல்லுமாறு தலையை வைப்பது, பந்து ஓடி முடியும் வரை தலையை நிமிர்த்தாமல் இருப்பது ஆகியவற்றைக் கற்றேன். ஐந்தாம் பாடத்தில்தான் ஆட்டத்தின் உட்பொருள் வந்தது. ஒரு பந்தை விழச் செய்வது பாதி வேலை. அடுத்த பந்துக்கு வசதியான இடத்தில் வெள்ளைப் பந்தை நிறுத்துவது மறுபாதி. யார்டில் ஷண்டிங் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. வாகனைச் சரியான லைனில் விட்டால் மட்டும் போதாது. அடுத்த வாகனை எடுக்க எஞ்சின் சரியான பக்கத்தில் நிற்க வேண்டும்.

ஆறு பாடங்கள் முடிந்ததும் அதே சோதனையைச் செய்தேன். ஐம்பதில் முப்பத்தொன்று விழுந்தன. சிறந்த பிரேக் 28 ஆயிற்று. உலகத்தார் கண்ணுக்கு இது ஒன்றுமில்லை. ஆனால் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவனுக்கு, மீண்டும் ஓர் ஆசிரியர் முன் மாணவனாக நின்று, "இன்று சென்ற முறையைவிடச் சரி" என்று கேட்பதில் இருக்கும் மகிழ்ச்சியை ரூபாயில் அளக்க இயலவில்லை. அலுவலகத்தில் நாள் முழுதும் மற்றவர்களின் பிழைகளைச் சரிபார்ப்பதே என் தொழில். இங்கு என் பிழையை ஒருவர் பொறுமையாகச் சரிபார்த்தார்.

பெரியவர்களுக்கும் ஆசிரியர் வேண்டியிருக்கிறது. இந்த ஆட்டத்தில் இருபதுக்கு மேற்பட்ட உலகப் பட்டங்கள் பெற்ற பங்கஜ் அத்வானி, பெங்களூரில் அரவிந்த் சாவூர் என்பவரிடம் பயின்றவர். 1958-இல் கல்கத்தாவில் பில்லியர்ட்ஸ் உலகப் பட்டம் வென்ற வில்சன் ஜோன்ஸ், பின்னாளில் பயிற்சியாளராகப் பணி செய்து, 1996-இல் துரோணாசாரியார் விருது பெற்றார். 2025-இல் சென்னையைச் சேர்ந்த அனுபமா ராமச்சந்திரன் மகளிர் ஸ்னூக்கரில் உலகப் பட்டம் வென்றார். இச்செய்திகளைப் படித்துவிட்டு, நம் பிள்ளையும் பட்டம் வாங்குவான், வேலை கிடைக்கும் என்று எண்ணி எவரும் பணம் கட்ட வேண்டாம். அது பல ஆண்டு உழைப்பின் பலன்.

என் அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள் சொல்லலாம். ஆட்டத்தின் விதிகளே தெரியாதவர் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அவற்றை நண்பர்களே சொல்லித் தருவார்கள். குறைந்த செலவில் பழக மேஜை கிடைக்காதவருக்கும் பாடம் வீண். ஒரு பாடம் மட்டும் எடுத்துப் பார்த்து, ஆசிரியர் உங்களைக் கவனிக்கிறாரா, தம் திறமையைக் காட்டுகிறாரா என்று பாருங்கள். ஒரு சமயத்தில் ஒரு குறையை மட்டும் சொல்பவரே நல்ல ஆசிரியர். ஓர் ஆண்டுக் கட்டணத்தை முன்னதாகக் கேட்டால் கொடுக்க வேண்டாம். பந்தயம் கட்டி ஆடும் கூடமானால், வாசலிலிருந்தே திரும்பிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, செலவை வீட்டில் சொல்லி, வீட்டில் வேறு யாருக்குக் கற்கும் ஆசை காத்திருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் இப்பொழுது பாடத்தை நிறுத்தியிருக்கிறேன், பழக்கத்தை நிறுத்தவில்லை. மறுபடியும் ஓரிடத்தில் தேங்கி நின்றால், இன்னும் இரண்டு பாடங்கள் எடுப்பேன். என் மனைவி நிறுத்தவில்லை. சென்ற மாதம் பள்ளியிலிருந்து வந்த கடிதத்தைத் தானே எழுத்துக் கூட்டிப் படித்தாள். அதில் புகார் ஒன்றும் இல்லை. பெற்றோர் கூட்டத்துக்கு அழைப்பு மட்டுமே இருந்தது. கூட்டத்துக்கு அவளே சென்று, பதிவேட்டில் இந்தியில் கையெழுத்திட்டு வந்தாள்.