ஓடின வண்டி

உலகத்தை நாலரைத் தடவை சுற்றி வந்த ஒரு பிரமுகர் நம் வீட்டுக்கு வருகிறார் என்றால் பெருமைப்படுவோம். ஒரு மோட்டார் வண்டி அப்படிச் சுற்றியிருந்தால் மட்டும் முகத்தைச் சுளிக்கிறோம். 2023-ஆம் வருஷம் திருச்சியில் நான் பார்க்கப் போன மாருதி ஸ்விஃப்ட் டீசல் வண்டியின் மீட்டர் 1,80,000 கிலோமீட்டர் காட்டியது. பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர். கணக்கை நீங்களே போட்டுக் கொள்ளலாம்.

"சுற்றுகிற இடமெல்லாம் சுற்றிவிட்டு, ஓய்ந்து உட்கார நம் வாசல்தான் கிடைத்ததாக்கும்!" என்றாள் என் மனைவி.

அறுபத்திரண்டு வயது வரை கார் இல்லாமலே காலத்தை ஓட்டிவிட்ட எனக்கு அந்த யோசனை வந்ததற்குக் காரணம் என் அக்கா. லால்குடிக்கு அப்பால் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறாள். வயது எண்பத்தொன்று. தாயில்லாத என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். கண்ணுக்கு மாதம் ஒரு ஊசி போட வேண்டும், இல்லாவிட்டால் பார்வை போய்விடும் என்று திருச்சி டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு மாதம் பஸ்ஸில் வந்தாள். மூன்றாம் மாதம் படியில் கால் ஏறவில்லை. கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். "நீ போடா, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று திரும்பிவிட்டாள். வாடகைக் கார் வைத்தாலோ, 'உனக்கு ஏன் வீண் செலவு?' என்று கண் மங்குவதையே என்னிடம் மறைத்துவிடுவாள். அவள் சுபாவம் எனக்குத் தெரியும்.

என் கையில் இருந்தது இரண்டரை லட்சம். புது வண்டிக்கு ஐந்து வருஷம் தவணை கட்ட எனக்குத் தைரியம் இல்லை.

முதலில் பார்த்தது இந்த வண்டியை அல்ல. பழைய கார்கள் விற்கும் ஓர் இடத்தில், அதே 2012-ஆம் வருஷத்து வண்டி, புதுப் பெயிண்டில் பளபளவென்று நின்றது. மீட்டரில் 42,000. நான் அப்போதே மனசுக்குள் மாலை போட்டுவிட்டேன். துணைக்கு வந்த மெக்கானிக் மீட்டரைப் பார்க்கவே இல்லை. குனிந்து பிரேக் மிதியைப் பார்த்தார். ரப்பர் தேய்ந்து வழவழவென்று இருந்தது. ஸ்டியரிங் தோல் மெழுகினாற்போல் மின்னியது. டிரைவர் ஆசனம் ஒரு பக்கமாகக் குழிந்திருந்தது. கடைசியில் கதவைத் திறந்து, உட்பக்கம் ஒட்டியிருந்த ஒரு சீட்டைக் காட்டினார். 'அடுத்த ஆயில் மாற்றம்: 1,10,000' என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

"கம்ப்யூட்டரை மாட்டி மீட்டரைத் திருப்பிட்டாங்க ஸார். சீட்டைக் கிழிக்க மறந்துட்டாங்க" என்றார்.

மறுநாள்தான் அந்த உலகம் சுற்றியைப் பார்த்தோம். சொந்தக்காரர் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் பெரிய சாலையிலேயே ஓடின வண்டி. "ஊருக்குள்ளே நின்னு நின்னு ஓடின நாற்பதாயிரத்தைவிட, நெடுஞ்சாலையில சீரா ஓடின எண்பதாயிரம் மேல் ஸார். க்ளச்சும் பிரேக்கும் அங்கே அவ்வளவா தேயாது" என்றார் மெக்கானிக். எஞ்சின் ஆறியிருக்கும்போதே கிளப்பிப் பார்த்தார். நீலப் புகை வந்தால் எஞ்சின் எண்ணெயைக் குடிக்கிறது என்று அர்த்தமாம், வரவில்லை. எண்ணெய் மூடியின் அடியில் பால் ஏடுபோல் படிந்திருந்தால் தண்ணீர் கலக்கிறது என்று அர்த்தமாம், அதுவும் இல்லை. கதவுகளில் காந்தத்தை வைத்துப் பார்த்தார். பட்டி பூசி மறைத்த இடத்தில் அது ஒட்டாதாம். முன்பக்கம் மட்டும் மேடு பள்ளத்தில் 'தட்தட்' என்றது.

சொந்தக்காரர் ஒரு நாற்பது பக்க நோட்டை நீட்டினார். பத்தாயிரத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றியது, 1,10,000-இல் க்ளச் மாற்றியது, ஒரு தடவை சுவரில் இடித்தது, எல்லாம் தேதியோடு இருந்தன. இடித்ததைக் கூட எழுதி வைத்திருந்த மனிதரிடம் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

2,10,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். மிச்சம் நாற்பதாயிரத்தைத் தொடக் கூடாது, அது வண்டிக்கு வைத்தியச் செலவு என்றார் மெக்கானிக். 2027-இல் பதினைந்து வருஷம் நிறைந்ததும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணத்தை 2022-இலேயே 5,000 ரூபாய் ஆக்கியிருந்தார்கள். அதையும் கணக்கில் சேர்த்துக் கொண்டேன்.

அவர் சொன்னது நல்லதாய்ப் போயிற்று. முதல் மாதமே முன்பக்கத்து ஷாக் அப்ஸார்பர்களை மாற்ற வேண்டியிருந்தது. ஆறாம் மாதம் க்ளச் போயிற்று. "நான் அப்போதே சொன்னேனே" என்று என் மனைவி சொல்லவில்லை. சொல்லாமலே பார்த்தாள். ஆனால் ஒரு மாத ஊசியும் தவறவில்லை.

முதல் தடவை அழைத்து வந்தபோது, அக்கா முன் ஆசனத்தில் உட்கார்ந்து கதவைத் தடவிப் பார்த்தாள்.

"புதுசாடா?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. எவ்வளவு ஓடியிருக்கிறது என்று சொன்னேன்.

"ஓடினால் என்ன? கவனிச்சுக்க ஆள் இருந்திருக்கு" என்றாள்.

அன்று ராத்திரி அந்த நோட்டை எடுத்து, பழைய சொந்தக்காரர் விட்ட வரிக்குக் கீழே தேதி போட்டு, ஷாக் அப்ஸார்பர் செலவை என் கையால் எழுதினேன்.