அப்பாவின் மோரிஸ் மைனர்

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், "அந்தக் காலத்தில் என்ன காடி வைத்திருந்தீர்கள்?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நேற்றைய மருந்தைச் சாப்பிட்டதே நினைவில்லாதவர் கூட, காடியின் எண்ணைத் தடுமாறாமல் சொல்வார்.

எங்கள் வீட்டில் இருந்தது மோரிஸ் மைனர். 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான காடி. பத்து லட்சத்துக்கு மேல் விற்ற முதல் பிரிட்டிஷ் கார் அதுதான். ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்த அப்பா, 1966இல் அதைப் பழைய காடியாகவே வாங்கினார். திரும்பும்போது பக்கவாட்டிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு கை நீளும். லயத்துப் பிள்ளைகள் அதைக் 'காது' என்பார்கள். பேட்டரி இறங்கிவிட்டால் முன்பக்கம் கம்பியைச் செருகிச் சுற்ற வேண்டும். முதல் கியருக்கு மாற்றுவதற்குத் தனிப் பொறுமை வேண்டும். நான் ஓட்டப் பழகியதும் அதில்தான். தோட்டத்துச் செம்மண் சாலையில் கற்றுக்கொண்டவனுக்கு மலாக்கா டவுன் சந்துகள் பயமில்லை.

லயத்துக்கு அது எங்கள் காடி மட்டுமல்ல. நடுராத்திரியில் கதவு தட்டும் சத்தம் கேட்கும். "கிராணி ஐயா, என் சம்சாரத்துக்கு வலி கண்டுருச்சுங்க." அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். மருத்துவச்சியை அழைத்து வரவும், மலாக்கா பெரியாஸ்பத்திரிக்குப் போகவும், பெண் அழைப்புக்கும் அந்தக் காடிதான். போன இடம், போனவர் பெயர், தேதி, பெட்ரோல் கணக்கு எல்லாவற்றையும் 555 நோட்டில் எழுதி, ஸ்டியரிங் பக்கத்துப் பெட்டியில் போட்டு வைப்பார்.

1985 ஜூலையில் புரோட்டான் சாகா வந்தது. நம் நாட்டின் முதல் தேசியக் கார். அந்த வருடங்களில் நாட்டில் பொருளாதார மந்தம். தோட்டத்திலும் கை இறுக்கம். அக்காவுக்கு மெட்ராஸில் படிக்க இடம் கிடைத்திருந்தது. 1986இல் டவுன் பட்டறைக்காரர் ஒருவரிடம் மைனரை 1,200 வெள்ளிக்கு அப்பா கொடுத்தார். விமானச் செலவுக்கும் முதல் கட்டணத்துக்கும் அது உதவியது.

இன்று நன்றாகப் பராமரித்த மைனருக்குப் பல ஆயிரம் வெள்ளி கேட்கிறார்கள். "அன்னைக்கே வச்சிருந்தா..." என்று தம்பி ஒவ்வொரு தீபாவளிக்கும் ஆரம்பிப்பான். நான் ஒத்துக்கொள்வதில்லை. அக்கா படித்தாள், அவள் பிள்ளைகள் படித்தார்கள். அந்தக் கணக்கில் நஷ்டம் எங்கே?

தோட்டம் கைமாறி, லயங்களைக் காலி செய்தபோதும் இதே கதைதான். மலிவு விலை வீட்டின் அளவுக்கு எது அடங்குமோ அதுதான் வந்தது. பழைய இரும்பு லோரியில் வால்வு ரேடியோ போனது, பால் வாளிகள் போயின. ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டுகள் இருந்த பிஸ்கட் டின்னும், சதுரமான ஒரு காசு நாணயங்களும் எந்த மூட்டையில் போயினவோ தெரியாது. ஜோங்கர் தெருவில் இப்போது ரப்பர் மங்கும், மரம் சீவும் கத்தியும் அலமாரியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் வயிறு எரியும் என்பார்கள். எனக்கு அவ்வளவு எரிவதில்லை. வாழைமர நோட்டை ஜப்பான்காரன் கணக்கில்லாமல் அச்சடித்தான். பிற்பாடு வந்தவற்றில் வரிசை எண் கூடக் கிடையாது. எண் இல்லாத நோட்டுக்குச் சேகரிப்பாளர்கள் இன்றும் பெரிய விலை தருவதில்லை.

எனக்கு வலிப்பது வேறு. 2011இல் பிறப்புப் பத்திரம் இல்லாத இந்தியர்களுக்காக மைடஃப்தார் பதிவு இயக்கம் நடந்தபோது, மெர்லிமாவிலிருந்து ஓர் அம்மா அப்பாவைத் தேடி வந்தார். எங்கள் லயத்தில் பிறந்தவர். பிறந்ததைப் பதியாமலே விட்டுவிட்டார்கள். பெற்றவர்களும் இப்போது இல்லை.

"மருத்துவச்சிய நீங்கதான் காடில கூட்டிட்டு வந்தீங்களாம் ஐயா. அம்மா சொல்லிக்கிட்டே இருப்பாங்க. என்ன தேதின்னு ஞாபகம் இருக்குங்களா?"

அப்பாவுக்கு அன்றைய மழை நினைவிருந்தது. மருத்துவச்சி குடையை விட்டுவிட்டு வந்தது நினைவிருந்தது. வருடம் நினைவில்லை. "நோட்டுல எழுதியிருந்தேன்மா" என்றார். அந்த நோட்டு 1986இல் காடியோடு போய்விட்டது. அதற்கு யாரும் ஒரு காசு விலை பேசவில்லை; எடுத்து வைக்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

அந்த நோட்டு ஒன்றே அந்த அம்மாவுக்குப் பத்திரம் வாங்கித் தந்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'நான் சாட்சி' என்று அப்பா தேதியோடு போய் நின்றிருப்பார். அதற்குப் பிறகு பல நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

வீடு மாற்றுகிறீர்களா? அலமாரியும் ரேடியோவும் போனால் போகட்டும், இடம் வேண்டுமே. எழுத்து உள்ளதை மட்டும் பிரித்துப் பாருங்கள்: சம்பளச் சீட்டு, கடைக் கணக்கு, மொய் நோட்டு, பள்ளி ரிப்போர்ட், பின்பக்கம் பெயர் எழுதாத போட்டோ. கைத்தொலைபேசியில் படமெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். போட்டோவில் இருப்பவர் யார் என்று சொல்லக்கூடியவர் இன்னும் உங்கள் வீட்டில் இருந்தால், அந்த ஞாயிறு இந்த ஞாயிறாகவே இருக்கட்டும்.